எண்ணூறாவது விக்கட்டும் ஊவாத் தோட்டங்களும்

ஊவா மாகாணத்தின் தேயிலை மலைகளிலே விளையாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. ஆயினும் நெடுங்காலம் அது மலைச்சரிவில் உழைத்தோரின் வரலாறாக இருக்கவில்லை. சமநிலத்தைத் தம் வசம் வைத்திருந்தோரின் வரலாறாகவே இருந்தது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளில் வெள்ளைக்காரத் துரைமார் கழகங்கள் அமைத்தனர். அங்கே டென்னிஸ் ஆடினர், றக்பி ஆடினர், கிரிக்கட்டும் ஆடினர்.

இந்த மாகாணத்தின் கிரிக்கட் வரலாற்றில் விந்தையான ஒரு நிகழ்ச்சி உண்டு. தென்னாபிரிக்காவில் நடைபெற்ற போவர் யுத்தத்தில் பிரித்தானியரிடம் சிறைப்பட்ட ஏறக்குறைய ஐயாயிரம் பேரை அடைப்பதற்கு 1900ஆம் ஆண்டு தியத்தலாவையில் ஒரு முகாம் திறக்கப்பட்டது. அக்கைதிகள் பொழுதுபோக்குக்காகப் பல ஆட்டங்களை ஆடினர். அவர்களுள் தேர்ந்த ஓர் அணியினர் 1901 யூலையில் கொழும்புக்குச் சென்று கோல்ட்ஸ் கழகத்தாருடன் கிரிக்கட் போட்டியொன்றில் ஈடுபட்டனர். போர்க்கைதிக்கும் மட்டையும் பந்தும் கிடைத்தன. ஆடுவதற்கு ஓய்வும் கிடைத்தது. அக்காலத்தில் அம்முகாமைச் சூழ்ந்த மலைகளிலே கூடை சுமந்த தமிழ்த் தொழிலாளிக்கு அவ்விரண்டில் எதுவும் கிட்டவில்லை.

அத்தொழிலாளர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்டவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்காகவும், கோப்பி இலைநோயால் அழிந்தபின் தேயிலைக்காகவும் அவர்கள் வந்தனர். தொடக்கத்தில் வந்தவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் காட்டுப் பாதையில் கால்நடையாக மலையேறினர். 1914ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. 1924ஆம் ஆண்டில் புகையிரதம் பதுளை வரை வந்து சேர்ந்தது. பாதை இலகுவாயிற்று, வாழ்க்கை இலகுவாகவில்லை. விடியுமுன் தப்பு முழங்க, பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, மலைக்கு ஏறி, மாலையில் கொழுந்து நிறுத்து, பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட லயக் காம்பராவுக்குத் திரும்புவதே அன்றாட நடைமுறை. சடுகுடு, சிலம்பம், மாசி மாதத்துக் காமன் கூத்து ஆகியவை பிறந்த மண்ணிலிருந்து உடன் வந்தன. அவற்றுக்குப் புல்வெளி வேண்டியதில்லை. லயத்து வாசலே போதுமாயிருந்தது.

இந்த மக்களின் வழிவந்த ஒருவர் உலகக் கிரிக்கட் வரலாற்றிலே எவரும் எட்டாத ஓர் எண்ணிக்கையை எட்டினார். அவர் முத்தையா முரளிதரன். ஊவாவின் பிள்ளை அல்லர், கண்டியிலே பிறந்தவர். எனினும் பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, கொஸ்லந்தைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களின் கதையும் அவருடைய குடும்பத்தின் கதையும் ஒரே இடத்திலே தொடங்குகின்றன. அவை எவ்விடத்திலே பிரிந்தன என்று நோக்கினால், ஒரு மனிதனின் திறமை எதனால் வெளிப்படுகிறது, எதனால் புதைந்து போகிறது என்பது விளங்கும்.

முரளிதரனின் பாட்டனார் பெரியசாமி சின்னசாமி 1920ஆம் ஆண்டளவில் தமிழகத்திலிருந்து மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை தேடி வந்தவர். பிற்காலத்தில் அவர் தாயகம் திரும்பித் திருச்சிராப்பள்ளியிலே குடியமர்ந்தார். அவருடைய மகன் முத்தையா இலங்கையிலேயே தங்கினார். அவர் கொழுந்துக் கூடையின் வழியிலே செல்லாமல் தொழில் முயற்சியிலே இறங்கி, கண்டிக்கு அருகே பிஸ்கட் தொழிற்சாலையொன்றை நிறுவினார். நான்கு ஆண்மக்களுள் மூத்தவராக முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆம் தேதி பிறந்தார். தோட்டத்துக்கு வந்த பாட்டனாருக்கும் பந்தெடுத்த பேரனுக்கும் இடையில் ஒரு தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தது. எல்லா வேறுபாடும் அந்த ஒரு தலைமுறையிலே அடங்கியிருக்கிறது.

அப்படி வெளியேறுதல் எளிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கைப் பிரசையாவதற்குத் தாம் இந்நாட்டிலே பிறந்தது மட்டும் போதாது, தம் தந்தையாரோ பாட்டனாரும் பூட்டனாருமோ இங்கே பிறந்தவர்கள் என்று நிறுவ வேண்டும் என்றது. பிறப்புப் பதிவுகள் ஒழுங்காக இல்லாத லயங்களில் அத்தகைய சான்றுக்கு எங்கே போவது? 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் பாராளுமன்றம் சென்றிருந்தார். அவரைத் தெரிவு செய்த தோட்ட மக்கள் அடுத்த தேர்தலுக்குள் பெரும்பாலும் வாக்குரிமையை இழந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன; ஏற்கப்பட்டோர் ஏறக்குறைய 1,34,000 பேரே. 1964ஆம் ஆண்டில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னைய பேச்சுக்கு விடப்பட்டது. பதுளைப் புகையிரத நிலையத்தில் பயணப் பெட்டிகளோடும் அழுகையோடும் பிரிந்த குடும்பங்கள் பல.

கல்வியிலும் இதே குறைதான். 1945ஆம் ஆண்டில் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அந்த ஓட்டத்தில் சேரவில்லை. ஓராசிரியர், ஒரே மண்டபம், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்ற நிலையே நீடித்தது. 1970களில் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே மாற்றம் மெல்ல வந்தது. பாடசாலைக்கே கூரை சரியில்லாத இடத்தில் விளையாட்டு மைதானத்தைப் பற்றிப் பேசுவோர் யார்?

முரளிதரனுக்கோ கட்டுகஸ்தோட்டைப் புனித அந்தோனியார் கல்லூரி வாய்த்தது. கிரிக்கட்டில் நெடுநாள் மரபு கொண்ட கல்லூரி அது. அவர் முதலிலே நடுத்தர வேகப் பந்து வீசியவர். பதினான்காம் வயதளவில் பயிற்சியாளர் சுனில் பெர்னாண்டோ அவருடைய மணிக்கட்டின் இயல்பைக் கண்டு சுழற்பந்து வீசும்படி வழிகாட்டினார். கல்லூரியில் இறுதி இரு பருவங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கட்டுகளைச் சாய்த்து, 1991ஆம் ஆண்டில் நாட்டின் சிறந்த பாடசாலைக் கிரிக்கட் வீரராகத் தெரிவானார். ஓர் ஆசிரியரின் கண் மாணவனின் கையிலே பட்ட அந்தக் கணம் பெரிய நிகழ்ச்சியாக அன்று எவருக்கும் தோன்றியிராது. அக்கண்ணும் அம்மைதானமும் இல்லையேல் அந்த மணிக்கட்டின் ஆற்றலை உலகம் அறிந்திருக்காது.

அவருடைய இளமையிலும் இருள் சூழ்ந்த நாட்கள் உண்டு. 1977ஆம் ஆண்டு வன்செயலின்போது அவருடைய தந்தையாரின் தொழிற்சாலை தீக்கிரையாக்கப்பட்டது. தந்தையாரும் தாக்குதலுக்கு ஆளானார். அயலிலிருந்த சிங்கள மக்களே அன்று குடும்பத்தின் உயிரைக் காத்தனர். தந்தையார் தொழிலை மீண்டும் எழுப்பினார். 1983 யூலையில் பதுளை நகரம் எரிந்ததை நேரிற் கண்ட முதியோர் ஊவாவில் உள்ளனர். அவர்களுக்கு இக்கதையின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கல்லூரியை விட்டபின் முரளிதரன் கொழும்புத் தமிழ் யூனியன் கழகத்திலே சேர்ந்தார். 1991ஆம் ஆண்டில் இலங்கை ‘ஏ’ அணியுடன் இங்கிலாந்து சென்று ஐந்து போட்டிகளில் ஆடினார். ஒரு விக்கட்டும் கிடைக்கவில்லை. அதனோடு அவர் ஒதுக்கப்பட்டிருந்தால் வியப்பதற்கில்லை. தெரிவாளர் பொறுத்திருந்தனர். 1992 ஓகஸ்ட் 28ஆம் தேதி கொழும்பு கெத்தாராமை மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் முதல் டெஸ்ட் போட்டியில் இறங்கினார். கிரேக் மக்டெர்மட் அவருடைய முதலாவது விக்கட் ஆனார். அடுத்த ஆண்டு மொறட்டுவையில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக ஒரே இன்னிங்சில் ஐந்து விக்கட்டுகளைக் கைப்பற்றித் தம் இடத்தை நிலைநாட்டினார்.

பின்னர் வந்தது சோதனை. 1995 டிசம்பர் 26ஆம் தேதி மெல்பேர்ண் மைதானத்தில், பெருங்கூட்டத்தின் நடுவே, நடுவர் டரல் ஹெயர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை ‘நோ போல்’ என்று கை நீட்டினார். முரளிதரன் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்பது குற்றச்சாட்டு. பத்து நாட்களுக்குள் பிரிஸ்பேனில் நடுவர் றொஸ் எமர்சனும் அவ்வாறே செய்தார். 1999 சனவரியில் அடிலெயிட்டில் எமர்சன் மீண்டும் கை நீட்டியபோது அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரரை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தையே நிறுத்தினார். சிங்களத் தலைவர் ஒருவர் தமிழ் வீரருக்காக உலகின் முன்னே உறுதியாக நின்ற காட்சி, போர் மூண்டிருந்த அந்நாட்களில், இரு மொழி பேசுவோரின் உள்ளத்திலும் பதிந்தது.

குற்றச்சாட்டின் நுட்பத்தை நேயர்கள் அறிந்துகொள்வது நன்று. கிரிக்கட் விதி வளைந்த கையைத் தடை செய்யவில்லை. பந்தை விடும் வேளையில் வளைந்த முழங்கையை நிமிர்த்துவதையே தடை செய்கிறது. முரளிதரனின் வலது முழங்கை பிறப்பிலேயே முழுமையாக நிமிர இயலாத அமைப்புடையது. அசாதாரணமாகச் சுழலும் தோளும் மணிக்கட்டும் அதனோடு சேர்ந்தபோது, வளைந்த கை நிமிர்வது போன்ற தோற்றம் பார்ப்போர் கண்ணிலே உண்டாயிற்று. 1996ஆம் ஆண்டில் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அவருடைய கை பல படப்பிடிப்புக் கருவிகளால் அளந்து ஆராயப்பட்டது. அது கண்ணின் மயக்கமே என்று கண்டு, சர்வதேச கிரிக்கட் சபை அவரைத் தொடர்ந்து வீச அனுமதித்தது. 2004ஆம் ஆண்டில், முழங்கை அசையாதபடி உருக்குக் கம்பிகள் பொருத்திய கவசத்தை அணிந்துகொண்டு, படக்கருவிகளின் முன் அதே பந்துகளை அவர் வீசிக் காட்டினார்.

ஆயினும் வழக்கு அங்கே முடியவில்லை. வெளிப்புறமாகத் திரும்பும் ‘தூஸ்ரா’ என்னும் பந்தின்மீது 2004ஆம் ஆண்டில் புதிய முறைப்பாடு எழுந்தது. அக்காலத்து விதி முழங்கை நிமிர்வதற்கு வேகப் பந்துவீச்சாளருக்குப் பத்துப் பாகையும் சுழற்பந்து வீச்சாளருக்கு ஐந்து பாகையும் இடம் கொடுத்திருந்தது. அவ்வாண்டிலே சர்வதேச சபை ஒருவரை மட்டுமன்றிப் பல நாட்டுப் பந்துவீச்சாளரையும் கருவிகளால் அளந்து பார்த்தது. குற்றமற்ற வீச்சுடையவர் என்று போற்றப்பட்டவர்களிலும் பெரும்பாலானோரின் கை ஓரளவு நிமிர்கின்றது என்பது அப்போது வெளிப்பட்டது. 2005ஆம் ஆண்டிலே எல்லாருக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை என்ற எல்லை வகுக்கப்பட்டது. பல்லாண்டு காலம் ஒருவர் கை மட்டுமே ஐயத்தோடு நோக்கப்பட்டது. அளவுகோல் எல்லார் கையிலும் வைக்கப்பட்ட பின்னரே உண்மை துலங்கியது. விதி ஒருவருக்காக வளைக்கப்பட்டது என்று கூறுவோர் இன்றும் உளர். அளக்கப்பட்டவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இத்தனைக்கும் இடையே அவருடைய கை ஓயவில்லை. 1996 மார்ச் 17ஆம் தேதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் அவர் இருந்தார். 1998 ஓகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்தின் பதினாறு விக்கட்டுகளை 220 ஓட்டங்களுக்குச் சாய்த்தார். இரண்டாம் இன்னிங்சில் மட்டும் 65 ஓட்டங்களுக்கு ஒன்பது. 1999ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லங்கஷயர் மாகாண அணிக்குத் தொழில்முறை வீரராகச் சென்று 66 விக்கட்டுகளைக் கைப்பற்றினார். பின்னர் கென்ற், குளொஸ்டர்ஷயர் அணிகளுக்கும் ஆடினார். சென்னை அணிக்காக இந்திய பிரீமியர் லீக்கிலும் பந்து வீசினார். பாட்டனார் கடல் கடந்து வந்தது உடலுழைப்பை விற்பதற்கு. பேரன் கடல் கடந்து சென்றதும் உழைப்புக்காகவே. ஆனால் பேரனின் உழைப்புக்கு விலை பேசும் உரிமை பேரன் கையில் இருந்தது.

2004 மே மாதத்தில் கோர்ட்னி வோல்ஷின் 519 விக்கட்டுகளை அவர் கடந்தார். 2007 டிசம்பர் 3ஆம் தேதி கண்டி அஸ்கிரியையில் போல் கொலிங்வூட்டின் விக்கட்டைச் சாய்த்து ஷேன் வோர்னின் 708ஐயும் கடந்தார். 2010 யூலையில் காலி மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக இறுதி டெஸ்ட் போட்டியில் இறங்கும்போது அவர் கணக்கில் 792 விக்கட்டுகள் இருந்தன. இப்போட்டியோடு ஓய்வு பெறுவதாக முன்னரே அறிவித்துவிட்டமையால், எட்டும் கிடைக்குமோ என்று நாடே காத்திருந்தது. யூலை 22ஆம் தேதி பிரக்யான் ஓஜாவின் மட்டையிலே பட்ட பந்தை மகேல ஜயவர்த்தன பிடித்தார். அது எண்ணூறாவது விக்கட். அதுவே டெஸ்ட் ஆட்டத்தில் அவருடைய இறுதி விக்கட்டும் ஆயிற்று. 133 போட்டிகள், சராசரி 22.72. ஒருநாள் போட்டிகளில் 534 விக்கட்டுகள். 2011 ஏப்ரல் 2ஆம் தேதி மும்பையில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியோடு அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

இவ்வரலாற்றை ஊவாவிலிருந்து நோக்குவோருக்கு இரண்டு எண்ணங்கள் எழும். முதலாவது பெருமை, அது இயல்பானது, தகுதியானது. சான்று காட்டு, மீண்டும் காட்டு என்று இரண்டு தலைமுறையாகக் கேட்கப்பட்டு வந்த மக்கள், தம் வழிவந்த ஒருவர் சலியாமல் சான்று காட்டிச் சிரித்த முகத்தோடு வென்றதைத் தம் வெற்றியாகக் கொண்டனர். 2003ஆம் ஆண்டிலேதான், 1964 ஒக்டோபர் முதல் இந்நாட்டில் வதிந்த நாடற்ற இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அங்கும் அளவுகோல் எல்லாருக்கும் பொதுவாக ஆனபின்னரே வழக்குத் தீர்ந்தது.

இரண்டாவது எண்ணம் கேள்வியாக எழுகிறது. 2023ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாம் ஆண்டு நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளில் உலகக் கிரிக்கட்டின் உச்சியை எட்டியவர் ஒருவரே. திறமை ஒருவருக்கு மட்டும் அருளப்பட்டது என்று நம்புவது அறிவுடைமை ஆகாது. மடுல்சீமையின் செங்குத்தான பாதையில் நாள்தோறும் பல மைல் நடந்து பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையின் காலில் நெடுந்தூர ஓட்டத்தின் வலிமை இருக்கிறது. கொழுந்தை இரு கையாலும் நொடிக்கு நொடி கொய்யும் தாயின் விரலிலே இருக்கும் வேகம் அவள் மகனுடைய விரலுக்கும் வரக்கூடும். குறை விரலில் இல்லை. அவ்விரலைக் கண்டுகொள்ளும் பயிற்சியாளர் இல்லாமையிலும், பந்து உருளாமல் நிற்கும் ஒரு துண்டுச் சமநிலம் இல்லாமையிலும் இருக்கிறது.

மலைத்தோட்டத்தில் சமநிலம் அரிது. உள்ளதெல்லாம் தொழிற்சாலைக்கும் பங்களாவுக்கும் பாதைக்கும் போய்விட்டது. அதனால் மாலை வேளைகளில் பிள்ளைகள் பெரட்டுக் களத்திலும் வீதியோரத்திலும் பலகையை மட்டையாக்கி ஆடுகின்றனர். ஓங்கி அடித்த பந்து பள்ளத்துத் தேயிலைக்குள் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தோட்டப் பாடசாலைக்கு ஓர் ஏக்கர் நிலம் ஒதுக்குவதும், உடற்கல்வி ஆசிரியர் ஒருவரை நியமிப்பதும், திறமையுள்ள பிள்ளை பதுளைக்கோ பண்டாரவளைக்கோ சென்று பயிலப் பேருந்துக் கட்டணமும் தங்குமிடமும் அளிப்பதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. முத்தையா என்னும் தந்தையார் தம் சொந்த முயற்சியால் ஒரு மகனுக்கு அமைத்துக் கொடுத்த வாய்ப்பை, நாளொன்றுக்குக் கூலி பெறும் தந்தை தனியே அமைத்துக் கொடுக்க இயலாது. அதைச் சமூகமும் அரசும் சேர்ந்தே அமைக்க வேண்டும்.

எண்ணூறு என்ற எண்ணை எவரேனும் ஒருநாள் கடக்கலாம், கடவாமலும் போகலாம். ஊவாவின் மலைகளுக்கு அது முதன்மையான செய்தியன்று. பதினான்கு வயதுச் சிறுவனின் கையை ஓர் ஆசிரியர் நின்று நோக்குவதற்கு ஓர் இடமும் நேரமும் இருந்தன. அந்த இடமும் நேரமும் நமுனுகுலையின் அடிவாரத்துப் பிள்ளைக்கும் கிடைக்கும் நாளிலே, முரளிதரனின் வரலாறு வியப்புக்குரிய விதிவிலக்காக இல்லாமல், மலையகத்தின் விளையாட்டு வரலாற்றிலே முதல் அதிகாரமாக அமையும்.